மேலேயிருந்து பார்த்த கடல்

உறவில் எல்லாரும் அவரைக் கோட்டைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டு ஏதோ பெரிய பரம்பரை என்று நினைத்துவிடாதீர்கள். மனுஷன் வேன் ஓட்டுகிறவர். ஊரைத் தாண்டிப் போனால் கடலோரமாக, எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ எவனுக்கோ பயந்து கட்டிப்போட்ட கோட்டைகள் வரிசையாக நிற்கின்றன. பாதி இடிந்துவிட்டது, மீதி இடியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு கோட்டை வாசலிலும் இறக்கிவிட்டு, சாயங்காலம் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் பிழைப்பு.

அந்தக் கோட்டைகளுக்குப் புத்தகத்தில் வாயில் நுழையாத பெயர்கள் இருக்கின்றன. வேன் ஓட்டுகிறவர்களுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமா? உச்சி உடைந்துபோனது மொட்டைக் கோட்டை. அலை ஏறினால் வாசல்வரைக்கும் தண்ணீர் வருவது நனையுற கோட்டை. பாறைமேல் வட்டக் கோபுரத்தோடு நிற்பது பெரிய கோட்டை. அவர்களுக்குள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. வேனின் படி கொஞ்சம் உயரம். மற்ற ஓட்டுநர்கள் கதவைத் திறந்துவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவர் அப்படி இல்லை. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு குட்டி மர ஸ்டூலை எடுத்துக் கீழே போட்டு, வயசானவர்கள் இறங்கும்போது கையை நீட்டுவார். "என் கையை அழுத்திப் பிடிச்சுக்கோங்க, ஒண்ணும் ஆகாது" என்பார். அந்தக் கையை நம்பி இறங்கிய யாரும் விழுந்ததில்லை. ஊருக்குத் திரும்பிப் போனபிறகும், அந்த ஸ்டூல்காரர் நல்லா இருக்காரா என்று விசாரிக்கிறவர்கள் உண்டு.

எல்லாம் சரி. அந்த வாய்தான். வாய் மட்டும் இல்லையென்றால் மனுஷனை நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அவர் மனைவியே சொல்வாள்.

விஷயம் என்னவென்றால், கோட்டைக்காரர் எந்தக் கோட்டை உச்சிவரைக்கும் ஏறியதே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், திரும்பி வராத ஒரு பயணியைத் தேடிக்கொண்டு மொட்டைக் கோட்டைப் படியில் ஏறினார். சுவரில் அம்பு விடுவதற்கென்று வைத்த இடுக்கு வழியாகத் தற்செயலாக வெளியே பார்த்தார். கீழே, ரொம்பக் கீழே, கடல் அசைந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான், அங்கேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து கீழே வந்து சேர்ந்தார். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், அப்போது இத்தனூண்டு இருந்த மகள் மடியில் ஏறிக்கொண்டு, "மேல போனீங்களாப்பா? கடல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். பிள்ளையிடம் என்ன சொல்வது? "போகாம? நீலப் போர்வையைக் கொடியில காயப்போட்ட மாதிரி இருந்துச்சும்மா. காத்துல அப்படியே அசையுது!" என்றார். அது அன்றைக்குக் காலையில் பின்சீட்டில் ஒரு கிழவி தன் வீட்டுக்காரரிடம் சொன்னது. பிள்ளை கண்ணை அகல விரித்தது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பயணிகள் மேலே போயிருக்கும்போது இவர் சீட்டைச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். அவர்கள் திரும்பி வந்து பேசுவதையெல்லாம் காது மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும். அப்படி ஒட்டுக்கேட்டுப் படித்ததுதான் அவருடைய சரித்திரம் முழுக்க. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அளந்துவிட ஆரம்பித்துவிடுவார். எந்த ராஜா எந்த மாடத்தில் நின்றான், எந்த ராணி எங்கே குதித்தாள், தான் எந்தப் படியில் எந்தப் பாட்டியைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டேன் என்பதுவரை. மச்சான், மச்சினி, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். கோட்டைக்காரர் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

மகள் வளர்ந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போனாள். கடைக்குப் பக்கத்திலேயே மருந்துக்கடை. அங்கே வேலை பார்த்த பையனுக்கும் இவளுக்கும் பிடித்துப்போயிற்று. பையனின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், கலகல என்று பேசுகிறவர். அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைக்கிறவர். ஒல்லியான சின்ன உருவம், அளந்துதான் பேசுவார். இரண்டு வீட்டாரும் ஒருநாள் சேர்ந்து பேசி முடிவு பண்ணிவிடலாம் என்று ஏற்பாடு. "வீட்டுக்குள்ள உக்காந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கறதுக்கு, சம்பந்தி வேன்லயே எல்லாரும் பெரிய கோட்டைக்குப் போயிட்டு வருவோமே. அவர் சொல்லித்தான் கேட்டிருக்கோம், அவரே காட்டட்டும்" என்றார் கிரேன்காரர். எங்கே கொண்டுவந்து வைத்தார் பாருங்கள்!

கோட்டைக்காரர் மறுக்க வழியில்லாமல் தலையாட்டினார். ஆனாலும் சமாளிப்பு கைவசம் இருந்தது. வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லிக் கீழேயே இருந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். கிளம்புவதற்கு முன்னால் மகள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, "அப்பா, அவங்க வீட்டுல அத்தை சொல்றதுதான் முடிவு. அவங்க மனசு கோணாம மட்டும் பார்த்துக்கோங்க. வேற எதுவும் வேண்டாம்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்பாவிடம் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. "நான் பார்த்துக்கறேன், நீ ஏன் கவலைப்படறே?" என்று தட்டிக்கொடுத்தார்.

பெரிய கோட்டை வாசலில் இறங்கினார்கள். ஸ்டூலைப் போட்டார், கையை நீட்டினார். பையனின் அம்மா அந்தக் கையைப் பிடித்து இறங்கி, கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். பார்த்ததும் பட்டென்று சொல்லிவிட்டார்.

"நான் மேல வரலைங்க. உயரம்னா எனக்கு ஆகாது, தலை சுத்தும். நீங்கல்லாம் போயிட்டு வாங்க, நான் இந்த பெஞ்சுல உக்காந்துக்கறேன்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பது போல. கோட்டைக்காரர் அந்த நிமிஷத்தில், 'சரி, நானும் உங்களுக்குத் துணையா இருக்கேன்' என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆண்டவனே பார்த்துக் கொடுத்த சாக்கு. பிடித்துக்கொண்டாரா? மாட்டாரே! கிரேன்காரர், "இவ எப்பவுமே இப்படித்தான் சம்பந்தி, மாடியில துணி காயப்போடவே என்னைத்தான் அனுப்புவா" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்துக்கொண்டே கோட்டைக்காரரைப் பார்த்தார்கள். அந்த வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அட, நான் எதுக்கு இருக்கேன் சம்பந்தியம்மா? இந்தப் படியில எத்தனை பேரைக் கையைப் பிடிச்சு ஏத்திவிட்டிருக்கேன்! கண்ணை மூடிக்கிட்டு வாங்க. என் கை இருக்கு."

மகள் சட்டென்று திரும்பினாள். "வேண்டாம்ப்பா. அத்தை இங்கேயே இருக்கட்டும். கட்டாயப்படுத்தாதீங்க." முகம் வெளுத்திருந்தது.

"நீ சும்மா இரும்மா. உங்க அத்தை மேலேயிருந்து கடலைப் பார்க்க வேண்டாமா?"

அந்த அம்மா யோசித்தார். மருமகளாக வரப்போகிறவளின் அப்பா இவ்வளவு ஆசையாகக் கூப்பிடும்போது எப்படி மறுப்பது என்று நினைத்தாரோ என்னவோ. "உங்களை நம்பித்தான் வரேன் அண்ணா" என்று கையைக் கொடுத்தார்.

உள்ளே ஒரு ஆள் மட்டும் போகிற அகலத்தில் சுழல் படிக்கட்டு. சுவரோடு ஒரு கயிறு. மகளும் பையனும் முன்னால் ஏறினார்கள், பின்னாலேயே கிரேன்காரரும், கோட்டைக்காரரின் மனைவியும். கடைசியில் இவர், இவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா. சொன்னபடியே கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

ஆரம்பத்தில் மோசமில்லை. உள்ளே இருட்டு, சுற்றிலும் கல். பார்க்க எதுவும் இல்லாததால் பயப்படவும் எதுவும் இல்லை. 'அட, இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம் பயந்தோம்?' என்றுகூடத் தோன்றிவிட்டது. மேலே கிரேன்காரரின் சிரிப்பு கேட்டது. "பார்த்தீங்களா, எவ்வளவு சுலபம்" என்று பின்னால் வருகிறவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே அடுத்த வளைவில் திரும்பினார்.

அங்கே சுவர் இல்லை.

எந்தக் காலத்திலோ வெளிச்சுவர் ஆளுயரத்துக்கு இடிந்து விழுந்திருக்கிறது. குறுக்கே இரண்டு இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். காற்று முகத்தில் அறைந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, கீழே பாறை, பாறையில் மோதுகிற கடல். எத்தனை பயணிகள் பேசிக் கேட்டிருக்கிறார்! ஒருத்தர்கூட இந்த ஓட்டையைப் பற்றிச் சொன்னதில்லை. பயப்படாதவர்களுக்கு அது சொல்கிற விஷயமாகவே பட்டிருக்காது.

அடுத்து நடந்ததைச் சொல்லவே நாக்கூசுகிறது. அவர் கையை உதறினார். "அண்ணா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல், கண்ணைத் திறக்காமல். அந்தக் குறுகலில் ஒருத்தரைத் தாண்டி ஒருத்தர் போக வழியே இல்லை. இவர் போனார். தோளால் இடித்து, அந்த அம்மாவைச் சுவரோடு தள்ளிவிட்டுப் போனார். முழங்கால் கல்லில் மோதிய சத்தம் கேட்டது. நிற்கவில்லை. உட்கார்ந்தும் சறுக்கியும் தவழ்ந்தும் கீழே வந்து, டிக்கெட் கொடுக்கிறவர் பார்க்கப் பார்க்க ஓடி, வேனுக்குள் ஏறிக் கதவை மூடி, உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார். யார் துரத்திக்கொண்டு வந்தார்கள் என்று தாழ்ப்பாள்!

மூச்சு திரும்பியதும் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. சின்ன உருவம், கண்ணை மூடிக்கொண்டு, சுவரே இல்லாத இடத்தில், தனியாக. இறங்கி ஓடினார். கோபுர வாசலில் முதல் படியில் ஒரு காலை வைத்தார். "அண்ணா... அண்ணா..." என்று மேலேயிருந்து மெலிசாகக் கேட்டது. அடுத்த காலை எடுத்து வைக்க முடியவில்லை. டிக்கெட்காரரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொன்னால் அவர் ஏறிப் போயிருப்பார். ஆனால் சொன்னால் ஏன் என்று கேட்பாரே? கோட்டைக்காரர் வாயே திறக்கவில்லை. ஓயாமல் பேசுகிற அந்த வாய் அன்றைக்கு அப்போதுதான் மூடியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து காலடிச் சத்தம் கேட்டது. குரல் கேட்டு மகள்தான் முதலில் இறங்கி வந்திருக்கிறாள். அந்த அம்மாவைப் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறக்கிக் கொண்டுவந்தாள். பின்னாலேயே மற்றவர்கள். அந்த அம்மாவின் முழங்கால் பக்கம் துணியில் ரத்தம். உள்ளங்கை சிராய்த்திருந்தது. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்ன ஆச்சு சம்பந்தி? நீங்க கூடத்தானே வந்தீங்க?" என்றார் கிரேன்காரர், சிரிப்பெல்லாம் போய்.

கோட்டைக்காரர் திருதிருவென்று முழித்தார். அதற்குள் அந்த அம்மா சொன்னார்: "எனக்குத் தாகமா இருக்குன்னு சொன்னேன். தண்ணி எடுத்துட்டு வரத்தான் அண்ணா இறங்கினார். நான்தான் சும்மா நிக்காம காலை எடுத்து வெச்சு விழுந்துட்டேன்."

"அடடா, உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம்! இந்த வயசுல பாதி வழி ஏறி, திரும்ப ஓடி..." என்று கிரேன்காரர் அவர் தோளைத் தட்டினார்.

மகள் அப்பாவின் கைகளைப் பார்த்தாள். இரண்டும் வெறுங்கை. "ஆமா... தண்ணி... இதோ எடுக்கத்தான்..." என்று அவர் வேன் பக்கம் கையைக் காட்டினார். அந்தப் பொய்யை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடாதா என்றிருந்தது.

திரும்பும் வழி முழுக்க நல்ல பேச்சுதான். எந்த மாதம், எந்த மண்டபம், யார் யாரைக் கூப்பிடுவது என்று கிரேன்காரர் அடுக்கிக்கொண்டே வந்தார். "என்ன, நீ என்ன சொல்றே?" என்று மனைவியைக் கேட்டார்.

"பொண்ணு தங்கம். நான் கத்தினதும் ஓடி வந்தது அதுதான். பொண்ணைப் பார்த்தாப் போதும் எனக்கு" என்றார் அந்த அம்மா. முன்னால் தொங்கிய கண்ணாடியில் கோட்டைக்காரர் அந்த அம்மாவின் முகத்தைத் தேடினார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். பழக்க தோஷம், ஸ்டூலை எடுத்துப் போட்டார், கையை நீட்டினார். அந்த அம்மா அடிபட்ட காலை மெதுவாக வெளியே வைத்தார். நீட்டிய கையை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலியில் உதட்டைக் கடித்தபடி, தானாகவே இறங்கினார். "பரவாயில்லை அண்ணா, நான் பார்த்துக்கறேன்" என்றார். குரலில் கோபம் துளிகூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது. நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், கதவைத் துடைக்கிற மாதிரி பாவனை பண்ணினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. மனைவி பின்சீட்டில் கண்ணயர்ந்துவிட்டாள். மகள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவர்தான் ஆரம்பித்தார், ரோட்டைப் பார்த்தபடியே.

"தண்ணிக்காக இறங்கலைம்மா."

"தெரியும்ப்பா. தண்ணி பாட்டில் அத்தை பையிலேயே இருந்துச்சு. அதைத்தான் எடுத்துக் குடுத்தேன்."

"இதுக்கு முன்னாடி நான் எந்தக் கோட்டை மேலயும்..."

"அதுவும் தெரியும்."

"எப்படி?"

"பள்ளிக்கூடத்துல பெரிய கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனாங்கல்ல? உச்சியில சிங்கத்தலை இருக்கும்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன், எங்கப்பா தடவிப் பார்த்திருக்காருன்னு. அங்க சிங்கமும் இல்லை, ஒண்ணும் இல்லை. அது நனையுற கோட்டையில இருக்காம். டீச்சர் சொன்னாங்க. ஒரு வாரம் எல்லாப் பிள்ளைங்களும் என்னை சிங்கம் சிங்கம்னு கூப்பிட்டுச்சு."

"ஏம்மா என்கிட்ட கேக்கலை?"

"எதுக்குப்பா கேக்கணும்? பயந்துதானே ஏறலை? பயப்படறது என்ன குத்தமா? நீங்க கதை சொல்றது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதனால கேட்டுக்கிட்டே இருந்தேன்." அவள் கண் கலங்கியிருந்தது. "நீங்க மேல ஏற மாட்டீங்கன்னு தெரியும்ப்பா. கையை விடுவீங்கன்னு தெரியாது."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். அவை இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தன.

வீடு வந்தது. மகள் முன்கதவைத் திறந்து, அவரைப் பார்க்காமல் குதித்து இறங்கி உள்ளே போய்விட்டாள். அவர் பின்பக்கம் வந்து கதவைத் திறந்தார். ஸ்டூலைப் போட்டார். கையை நீட்டத் தைரியம் வரவில்லை, பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மனைவி பாதித் தூக்கத்தில் எழுந்து வந்தாள். கம்பியைத் தேடவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. "கை எங்கங்க?" என்று துழாவி, அவர் கையைத் தானே இழுத்துப் பிடித்து, உடம்பின் பாரம் முழுக்க அதன்மேல் போட்டு இறங்கினாள்.

இறங்கி நின்றுகொண்டு, அந்தக் கையை விடாமலே, கொட்டாவிக்கு நடுவில் சொன்னாள்:

"மேலேயிருந்து கடலைப் பார்த்தேங்க. நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. கொடியில காயப்போட்ட நீலப் போர்வை."